வென்டிலேட்டரில் இருப்பவரின் நுரையீரல் அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வரும் மருத்துவன் நான். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளை இரண்டு வகையினர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரு வகையினர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாள்கணக்கில் காத்திருந்து, பார்வை நேரத்தில் உள்ளே வந்ததும் முதலில் திரையில் ஓடும் எண்களைப் பார்க்கும் உறவினர்கள். மற்றவர்கள், வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும். இருவருக்கும் புரியும்படி ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே கொடுத்திருக்கும் எண்கள் பெரியவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி: உயிர் காக்கும் இயந்திரம் நுரையீரலுக்கு எப்படித் தீங்கு செய்யும்?

நாம் தானாக மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் விரிகின்றன, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வென்டிலேட்டர் இதற்கு நேர்மாறாக, வெளியிலிருந்து காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்களை முறைவைத்து அமர்த்தி, கையால் பையை அழுத்தியே அந்த நோயாளிகளுக்கு மூச்சு கொடுக்கச் செய்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்வார்கள்.

அந்த நோயாளிகளில் பலருக்குத் தசைதான் செயலிழந்திருந்தது. இன்று நம்மிடம் வருபவர்களில் பலருக்கு நுரையீரலே நோயுற்றிருக்கிறது. நிமோனியாவோ, உடல் முழுவதும் பரவிய தொற்றோ, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனதோ காரணமாக, நுரையீரலின் கீழ்ப்பகுதியும் முதுகுப்பக்கமும் நீர் கோத்துச் சுருங்கிவிடுகின்றன. ஏ.ஆர்.டி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான். காற்று போகக்கூடிய பகுதி, பெரிய ஆளின் உடலுக்குள் ஒரு சிறு குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ கட்டினோனி சி.டி. ஸ்கேன் படங்களை வைத்து இதைக் காட்டி, அதற்குக் 'குழந்தை நுரையீரல்' என்றே பெயர் வைத்தார். அந்தச் சிறிய இடத்துக்குள் பெரிய ஆளுக்கான காற்றைத் தள்ளினால், இன்னும் நல்லபடியாக இருக்கும் காற்றுப்பைகள் அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழியும், வீங்கும். அந்த வீக்கத்திலிருந்து கசியும் நச்சுப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் மற்ற உறுப்புகளையும் தாக்கும்.

கேள்வி: 'செ.மீ. நீர்' என்ற அளவு எதைக் குறிக்கிறது?

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓரடி ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அதே உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் தன் அடியில் கொடுக்கும் அழுத்தம்தான் 30 செ.மீ. நீர். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் காற்றுப்பையின் சுவர் தாளைவிடப் பன்மடங்கு மெல்லியது. அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம்.

கேள்வி: நாதஸ்வரம் வாசிப்பவர் அதைவிட அதிக அழுத்தத்தில் ஊதுகிறாரே, அவருக்கு ஒன்றும் ஆவதில்லையே?

செவிலியர் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டார். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். காற்றிசைக் கருவியை ஊதும்போது நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் நுரையீரலை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கின்றன. உள்ளே அழுத்தம் கூடும்போது வெளியேயும் கூடுவதால், காற்றுப்பையின் சுவர் இழுபடுவதில்லை. உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் சுவரை இழுக்கிறது. மயக்க மருந்தில் தசை தளர்ந்து படுத்திருக்கும் நோயாளிக்கு அப்படி வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

இது சோதனையிலும் தெரியவந்தது. 1974-இல் அமெரிக்காவில் வெப், டியர்னி என்ற இருவர் எலிகளுக்கு 45 செ.மீ. அழுத்தத்தில் மூச்சு கொடுத்தபோது ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரல் நீர் கோத்து அழிந்தது, 14 செ.மீ. கொடுத்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1988-இல் பிரான்சில் திரேஃபூஸ் குழுவினர் எலிகளின் நெஞ்சைச் சுற்றிக் கட்டிவிட்டு அதே 45 செ.மீ. அழுத்தம் கொடுத்தபோது, நுரையீரல் விரிய இடமில்லாததால் பெரிய சேதம் ஏற்படவில்லை. ஆகவே அழுத்தத்தின் எண்ணைப் பார்க்கும்போது 'இது நுரையீரலை எவ்வளவு விரிக்கிறது' என்பதையும் கூடவே கேட்க வேண்டும். மிகவும் பருமனானவர், வயிறு உப்பியிருப்பவர் ஆகியோரிடம் எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நுரையீரல் அவ்வளவு விரிந்திருக்காது.

கேள்வி: திரையில் பல அழுத்தங்கள் காட்டுகின்றனவே, எதைப் பார்க்க வேண்டும்?

திரையில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் பீக் அழுத்தம். காற்று குழாய் வழியாகப் பாய்ந்து போகும்போது எழும் உச்ச அழுத்தம் அது. குழாயின் தடை, சளியின் தடை, மூச்சுக்குழாய்களின் இறுக்கம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். காற்றுப்பைக்கு உண்மையில் போய்ச் சேரும் அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள, காற்று ஓட்டத்தைக் கணநேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போது கிடைப்பது பிளாட்டோ அழுத்தம். மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரல் சுருங்கி ஒட்டிவிடாமல் இருக்க மிச்சம் வைக்கும் அழுத்தத்துக்குப் பீப் என்று பெயர். பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் வருவது டிரைவிங் அழுத்தம்.

பீக் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் நம் பிரிவுகளில் அன்றாடம் நடக்கும் இரண்டு தவறுகள்.

கேள்வி: பிளாட்டோ அழுத்தத்தை எப்படி அளப்பது?

வால்யூம் கன்ட்ரோல் முறையில் (ஒவ்வொரு மூச்சுக்கும் குறித்த அளவு காற்றைத் தரும் முறை) இயந்திரம் ஓடும்போது, 'இன்ஸ்பிரேட்டரி ஹோல்ட்' பொத்தானை மூச்சு முழுவதும் உள்ளே போன நேரத்தில் அரை நொடியளவு அழுத்திப் பிடியுங்கள். வரைகோட்டைக் கவனித்தால், உச்சியிலிருந்து ஒரு படி இறங்கிச் சமதளமாக நிற்பது தெரியும். அந்தச் சமதளத்தின் எண்தான் பிளாட்டோ. நோயாளி அந்த நேரத்தில் தானாக மூச்சு இழுத்தாலோ இருமினாலோ கோடு நெளியும், அந்த எண்ணை நம்பக் கூடாது. அவர் அமைதியானதும் மறுபடி அளக்க வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும், பீப்பையோ மூச்சின் அளவையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் அளந்து, தாளில் எழுதிவைக்க வேண்டும். அரை நொடி வேலைதான். ஆனாலும் நான் பார்த்த பல பதிவுத்தாள்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

கேள்வி: எந்த அளவு வரை பாதுகாப்பானது?

பிளாட்டோ 30 செ.மீ. நீருக்கு மேல் போகாமலும், டிரைவிங் அழுத்தம் 15-க்குக் கீழும் இருக்க வேண்டும். 30-க்குக் கீழே இருந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குறையக் குறைய நல்லது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். ஆய்வுக் கூட்டமைப்பு 861 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு, உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மி.லி. என்று, அந்தக் காலத்து வழக்கப்படி மூச்சு கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கிலோவுக்கு 6 மி.லி. மட்டும் கொடுத்து, பிளாட்டோ 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். முதல் பிரிவில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 31 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. குமிழைத் திருப்பி அளவைக் குறைத்ததில் மட்டும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். வசதி குறைந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் எனக்கு, மருத்துவ வரலாற்றில் இதைவிட நம்பிக்கை தரும் செய்தி வேறில்லை.

டிரைவிங் அழுத்தத்தின் முக்கியத்துவத்தை 2015-இல் பிரேசிலின் மார்செலோ அமாட்டோ குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். முந்தைய ஒன்பது ஆய்வுகளில் இருந்த 3562 நோயாளிகளின் விவரங்களை மறுபடி அலசியபோது, இறப்போடு மிக நெருங்கிய தொடர்புடைய எண்ணாக அது தெரிந்தது.

கேள்வி: நோயாளியின் உயரத்தை ஏன் அளக்கச் சொல்கிறீர்கள்? எடை போதாதா?

ஒருவர் சாப்பிட்டுக் குண்டானால் வயிறு பெருக்கும், நுரையீரல் பெருக்காது. அது உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. அதனால் உயரத்திலிருந்து ஓர் எடையைக் கணக்கிட்டுக்கொள்கிறோம். ஆணுக்கு 50 + 0.91 × (செ.மீ. உயரம் − 152.4). பெண்ணுக்கு 45.5 + 0.91 × (செ.மீ. உயரம் − 152.4). வரும் எண்ணை ஆறால் பெருக்கினால், ஒரு மூச்சுக்கு எத்தனை மி.லி. என்பது கிடைக்கும். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு ஏறத்தாழ 370 மி.லி. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 287 மி.லி.

சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை, வேறொரு மருத்துவமனையில் இரண்டு நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்துவிட்டு எங்களிடம் அனுப்பினார்கள். நிமோனியா முற்றி ஏ.ஆர்.டி.எஸ். ஆகியிருந்தது. கூட வந்த தாளில் மூச்சின் அளவு 500 மி.லி., எடை '60 கிலோ இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. உயரம் எழுதப்படவில்லை. எங்கள் செவிலியர் ஒருவர் தன் மேசை அறையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து, தலையணையை எடுத்துவிட்டு, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை இரண்டு துண்டாக அளந்தார். 148 செ.மீ. கணக்கிட்ட எடை 41.5 கிலோ. அப்படியென்றால் அந்த 500 மி.லி., கிலோவுக்கு 12 மி.லி., 2000-ஆம் ஆண்டு ஆய்வில் அதிகம் பேர் இறந்த பிரிவின் அதே அளவு. பீப் 8-இல் பிளாட்டோ 34. மூச்சின் அளவை 250-க்கு இறக்கி, நிமிடத்துக்கு 14 மூச்சு என்று இருந்ததை 26-க்கு ஏற்றினோம். பிளாட்டோ 21-க்கு வந்தது, டிரைவிங் அழுத்தம் 26-இலிருந்து 13. அந்த அம்மா பதினேழு நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார். டேப்பினால் மட்டும் பிழைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு டேப் தொங்குகிறது.

நம் பகுதிப் பெண்களில் பலர் 150 செ.மீ.க்கு அருகில்தான் இருக்கிறார்கள். இயந்திரத்தைப் போட்டதும் பழக்கத்தில் 450, 500 என்று வைக்கும் கை, அவர்களுக்குத்தான் அதிகம் தீங்கு செய்கிறது.

கேள்வி: மூச்சைச் சிறிதாக்கினால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிடாதா?

சேரும். அதனால்தான் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை 35 வரைக்கும் கூட்டிக்கொள்ளலாம் என்று அந்த ஆய்விலேயே வகுத்தார்கள். அப்படியும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடுதலாக இருந்தால், ரத்தத்தின் பி.ஹெச். (அமில, கார அளவு) 7.2-க்குக் கீழே போகாத வரை பொறுத்துக்கொள்கிறோம். ஆக்சிஜனையும் நூற்றுக்கு நூறாக்க முயல வேண்டாம். ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிக்கு 88 முதல் 95 சதவீதம் வரை போதும். ஏ.பி.ஜி. என்னும் ரத்த வாயுப் பரிசோதனை அறிக்கையை அழகாக்குவதற்காக நுரையீரலைக் கிழித்துவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தலைக்காயம் பட்டவர்கள் இதற்கு விலக்கு. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளிலிருந்து தலையிலும் நெஞ்சிலும் அடிபட்டு வருபவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைக்குள் அழுத்தம் கூடும். அங்கே நுரையீரலையும் மூளையையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதை மூத்த மருத்துவர் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.

கேள்வி: பீப் எவ்வளவு வைப்பது?

பெரும்பாலானவர்களுக்கு 5-இல் தொடங்குவோம். ஆக்சிஜன் தேவை கூடக் கூட, படிப்படியாக ஏற்றுவோம். ஊதாத பலூனை முதன்முதலாக ஊதத்தான் அதிகம் மூச்சுப் பிடிக்க வேண்டும், பாதி ஊதிய பலூன் எளிதாக விரியும். சுருங்கி ஒட்டிய காற்றுப்பையை ஒவ்வொரு மூச்சிலும் பிரித்துத் திறப்பதே ஒரு காயம். பீப் அதைத் தடுக்கிறது. அளவு மீறினால், திறந்திருக்கும் பைகளை ஊதிப் பெருக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்து ரத்த அழுத்தத்தை இறக்கும். பீப்பை இரண்டு ஏற்றியதும் டிரைவிங் அழுத்தம் குறைந்தால் பைகள் திறந்திருக்கின்றன என்று அறியலாம். கூடினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுங்கள்.

பீப்பை மிக உயரத்துக்கு ஏற்றி நுரையீரலை ஒரேயடியாகத் திறக்க முயலும் முறையை 2017-இல் 1010 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அப்படிச் செய்தவர்களில் 55.3 சதவீதமும், செய்யாதவர்களில் 49.3 சதவீதமும் 28 நாளுக்குள் இறந்தனர். வழக்கமாக அதைச் செய்யக் கூடாது.

கேள்வி: 'மெஷின் கத்துது சிஸ்டர், ஓடி வாங்க' என்று உறவினர் கூப்பிடும்போது, அழுத்த அலாரம் அடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அலாரத்தின் எல்லையை உயர்த்தி அதை அடக்கக் கூடாது. எல்லை பெரும்பாலும் 40-இல் இருக்கும். அழுத்தம் அதைத் தொட்டதும் இயந்திரம் மூச்சைப் பாதியில் நிறுத்தி வால்வைத் திறந்துவிடும். அதாவது அலாரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் நோயாளிக்கு மூச்சு குறைவாகவே போயிருக்கிறது.

திரையை விட்டுவிட்டு நோயாளியைப் பாருங்கள். இரண்டு பக்க நெஞ்சும் சமமாக ஏறி இறங்குகின்றனவா? உதட்டின் நிறம் என்ன? குழாயைப் பல்லால் கடித்திருக்கிறாரா, குழாய் மடங்கியிருக்கிறதா, இயந்திரக் குழாய்களில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? பல் வரிசையில் குழாயின் செ.மீ. குறி காலையில் எழுதிய இடத்தில் இருக்கிறதா? உள்ளே இறங்கியிருந்தால் அது மூச்சுக்குழாயின் வலப்பக்கக் கிளைக்குள் போயிருக்கலாம். சக்‌ஷன் கதீட்டர் (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) தடையில்லாமல் இறங்குகிறதா? ஆக்சிஜன் சட்டென்று இறங்கினால், காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஆம்பு பையால் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மூச்சு கொடுங்கள். கை அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். பை எளிதாக அழுந்தி அவர் தேறினால் கோளாறு இயந்திரத்தில். பை கல்லாக இருந்தால் கோளாறு குழாயிலோ நெஞ்சிலோ.

நேரம் கொஞ்சம் இருந்தால் பிளாட்டோவை அளந்துவிடுங்கள். பீக் ஏறி, பிளாட்டோ பழைய இடத்திலேயே இருந்து, இரண்டுக்கும் இடைவெளி 10-க்கு மேல் போனால், வழியில்தான் தடை: சளி, மடிப்பு, கடி, மூச்சுக்குழாய் இறுக்கம். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் நுரையீரலோ அதைச் சுற்றியுள்ள இடமோ இறுகியிருக்கிறது: நீர் கோத்தது, ஒரு பக்க நுரையீரல் சுருங்கியது, அல்லது காற்றுப்பை வெடித்து நெஞ்சறைக்குள் காற்று கசிந்தது.

கடைசியாகச் சொன்னபடி கசிந்த காற்று நெஞ்சறைக்குள் அடைபட்டு அழுத்தும் டென்ஷன் நிமோதோராக்ஸ் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். ஒரு பக்கம் மூச்சொலி இல்லாமல், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தால், எக்ஸ்ரே வண்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஊசியாலோ விரலாலோ காற்றை உடனே வெளியேற்றி, பிறகு நெஞ்சுக் குழாய் போட வேண்டும். இரவுப் பணிக்கு வரும் ஒவ்வொரு மருத்துவரும் அந்த ஊசி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைப் பணி தொடங்கும் முன் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆஸ்துமா நோயாளிக்கும் இதே விதிகளா?

பிளாட்டோ 30 என்ற எல்லை அவர்களுக்கும் உண்டு. ஆனால் சிக்கல் வேறு. மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதால் உள்ளே போன காற்று வெளியே வரத் தாமதமாகும். அது முழுவதும் வருவதற்குள் அடுத்த மூச்சைக் கொடுத்தால், மூச்சின் மேல் மூச்சு அடுக்கப்பட்டு நெஞ்சு உப்பிக்கொண்டே போகும். இதனால் உள்ளே தங்கும் அழுத்தத்துக்கு ஆட்டோ பீப் என்று பெயர். இங்கே நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சு போதும், வெளிவிடும் நேரத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும். வரைகோட்டில் வெளிமூச்சு பூச்சியத்தைத் தொடும் முன் அடுத்த மூச்சு தொடங்குகிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தால் குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றி, நெஞ்சை மெல்ல அழுத்தி அடைபட்ட காற்றை வெளியே விடுங்கள். நீண்ட பெருமூச்சு போல அது வெளியேறும் ஓசையும், அடுத்த நிமிடத்தில் நாடி திரும்புவதும் ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது.

கேள்வி: பாம்புக்கடியிலும் பூச்சிமருந்து நஞ்சிலும் வென்டிலேட்டர் வைக்கிறீர்களே, அவர்களுக்கும் நுரையீரல் ஆபத்து உண்டா?

கட்டுவிரியன் கடித்தவரின் நுரையீரல் நல்ல நுரையீரல். இரவில் தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் இமை தொங்கி, கழுத்து நிற்காமல், மூச்சு அடங்கி வருவார். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகாததுதான் கோளாறு. கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி., பீப் 5, அழுத்தங்கள் தாமாகவே குறைவாக இருக்கும். அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை: தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பது, குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் சிறு பலூனான கஃப்பின் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ.க்குள் அளந்து வைப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல் கிடப்பார். ஆனால் மூளை விழித்திருக்கும், நாம் பேசுவது அனைத்தும் காதில் விழும். உறவினர்கள் அவர் பெயர் சொல்லிப் பேசுங்கள். கட்டிலருகே நின்று அவநம்பிக்கையாக எதுவும் சொல்லாதீர்கள்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தில் முதலில் மூச்சுக்குழாய் முழுவதும் நீர் சுரந்து பீக் அழுத்தம் ஏறும். சுரப்பைக் குறைக்கும் அட்ரோபின் மருந்து போதிய அளவு போய்ச் சுரப்பு வற்றினால் அழுத்தம் தானே இறங்கும், வென்டிலேட்டர் அமைப்பை மாற்றத் தேவை இருக்காது. தெளிந்துவிட்டார் என்று நினைக்கும்போது, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் மறுபடி தளரலாம் என்பதால் அவசரப்பட்டுக் குழாயை எடுக்கக் கூடாது.

கேள்வி: குப்புறப் படுக்க வைப்பது ஏன்?

மல்லாந்து கிடக்கும்போது இதயமும் வயிறும் நுரையீரலின் முதுகுப்பக்கத்தை அழுத்துகின்றன. குப்புறப் படுத்தால் அந்தப் பகுதி விடுபட்டுத் திறக்கும், அதே அளவு காற்று கூடுதல் இடத்தில் பரவும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். உள்ள 466 பேரில், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதமும், மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதமும் 28 நாளுக்குள் இறந்தனர். நான்கைந்து பேர் சேர்ந்து, குழாயை ஒருவர் பிடித்துக்கொண்டு திருப்பினால் போதும். முகம் வீங்குவதைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். திருப்பிய சில நாளில் அது வடிந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நோயாளி இயந்திரத்தோடு போராடுவது போல இருக்கிறதே?

நாதஸ்வரக் கேள்வியின் மறுபக்கம் இது. நோயாளி பலமாக மூச்சு இழுக்கும்போது நுரையீரலுக்கு வெளியே உள்ள அழுத்தம் இறங்கிவிடுகிறது. திரையில் 20 என்று காட்டினாலும் சுவர் அதைவிட அதிகமாக இழுபடும். ஆகவே எண் நல்லதாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், கழுத்துத் தசை துடிப்பதையும் மூக்கு விடைப்பதையும் பார்த்து, வலி, சிறுநீர் அடைப்பு, காய்ச்சல், காற்றோட்டம் போதாமை ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகுதான் மயக்க மருந்தைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: தர்மபுரியிலிருந்து சேலத்துக்கோ, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கோ மாற்றும்போது வழியில் எதைக் கவனிப்பது?

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இலும், கிருஷ்ணகிரியில் உள்ளது 2022 ஜனவரியிலும் திறக்கப்பட்ட பிறகு இப்படி மாற்ற வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனாலும் அஞ்செட்டியிலிருந்தோ அரூரிலிருந்தோ வருபவர்களுக்குப் பயணம் தவிர்க்க முடியாதது. முடிந்தவரை பயண வென்டிலேட்டரில், புறப்படும் முன் கால் மணி நேரம் அதிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். ஆம்பு பைதான் இருக்கிறது என்றால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் என்பதை நினைவில் வையுங்கள். பதற்றத்தில் இரண்டு கையாலும் முழுவதும் அழுத்தினால் ஒரு லிட்டர் வரை உள்ளே போய்விடும். ஒரு கையால், நெஞ்சு லேசாக உயர்வது தெரியும் அளவுக்கு அழுத்தி, கையைத் தளர்த்தி, வெளிமூச்சு முடியும்வரை பொறுங்கள். பீப் வால்வு மாட்டிய பையாக இருந்தால் நல்லது. பீப் அதிகம் தேவைப்படுபவரை ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நொடியில், மூச்சு உள்ளே நிறைந்திருக்கும்போது குழாயைக் கிளாம்பால் இறுக்கிவிட்டு மாற்றினால், திறந்த நுரையீரல் சுருங்காது. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பற்களருகே குழாயைப் பிடித்துக்கொள்ள ஒருவர் தனியாக வேண்டும்.

கேள்வி: உறவினர்களாகிய நாங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

'பிளாட்டோ இன்று எவ்வளவு, நேற்று எவ்வளவு' என்று கேளுங்கள். 'உயரம் அளந்தீர்களா' என்று கேளுங்கள். எந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நான் எடுத்துக்கொள்வதில்லை. இயந்திரத்தின் எந்தப் பொத்தானையும், அலாரத்தை நிறுத்துவதற்காகக்கூட, தொட வேண்டாம்.

கேள்வி: குழாயை எப்போது எடுப்பீர்கள்?

நோய்க்குக் காரணமானது அடங்கி, ஆக்சிஜன் தேவை 40 சதவீத அளவுக்கும் பீப் 5 முதல் 8 அளவுக்கும் இறங்கி, ரத்த அழுத்தம் நிலையாக இருந்து, கூப்பிட்டால் விழித்துப் பார்க்கும் நிலை வந்ததும், தினமும் காலையில் ஒரு சோதனை செய்வோம். இயந்திரத்தின் துணையை 5 முதல் 8 செ.மீ. அளவுக்குக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அவரே மூச்சு விடட்டும் என்று பக்கத்தில் நிற்போம். மூச்சு வேகம் கூடாமல், வியர்க்காமல், நாடி எகிறாமல் தாண்டிவிட்டால், இருமச் சொல்லிப் பார்த்து, கஃப்பின் காற்றை எடுத்துக் குழாயை வெளியே இழுப்போம். அன்று தோற்றால் பழைய அமைப்புக்கே திருப்பி, ஓய்வு கொடுத்து, மறுநாள் காலை அதே நேரத்தில் மறுபடி பார்ப்போம்.